ஏமெர்க் ரத்தப் பரிசோதனை: முதல் ரத்தம் எப்போது எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம்

மெர்க்கல் செல் புற்றுநோய் என்ற தோல் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு திரும்புகிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைதான் ஏமெர்க். இந்த நோய்க்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு வைரஸ் இருக்கிறது. மெர்க்கல் செல் பாலியோமா வைரஸ் எனப்படும் அது, சின்ன வயதிலேயே நம்மில் பெரும்பாலோர் தோலில் குடியேறிவிடும். காய்ச்சலோ தடிப்போ இல்லை, வந்ததே தெரியாது. மிக அரிதாக அதன் மரபணு செல்லின் டிஎன்ஏவுக்குள் செருகிக்கொண்டு, பெருகும் திறனை இழந்துவிடும். வம்பே அங்குதான். பெருக முடியாத வைரஸின் டி-ஆன்டிஜென் புரதங்கள், செல் பிரிவுக்குக் கடிவாளமான ஆர்பி புரதத்தை முடக்கிக்கொண்டே இருக்கும். மெர்க்கல் செல் புற்றுநோய் இப்படித்தான் உருவாகிறது. அமெரிக்க, ஐரோப்பியக் கட்டிகளில் சுமார் 80 சதவீதம் இந்த வகை. மீதி பெரும்பாலும் புற ஊதாக் கதிரின் கைவரிசை.

சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான ஏமெர்க், டி-ஆன்டிஜெனுக்கு எதிராக உடல் உருவாக்கும் ஆன்டிபாடியை (எதிர்ப்புப் புரதத்தை) அளக்கிறது. வைரஸின் மேலுறைக்கு எதிரான ஆன்டிபாடி வேறு. அது நோயே இல்லாதவர்களுக்கும் சர்வசாதாரணமாக இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை.

நோயைக் கண்டுபிடிக்க ஏமெர்க் உதவாது. அதற்கு பயாப்ஸிதான் (கட்டியில் ஒரு துண்டை எடுத்துப் பார்ப்பது). செல்லில் குறிப்பிட்ட புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயமிட்டுப் பார்ப்பார்கள்: சிகே20 என்ற புரதத்துக்கான சாயம் உட்கருவை ஒட்டி ஒரு புள்ளியாகப் பிடிக்கும், டிடிஎஃப்1 என்ற புரதத்துக்கான சாயம் பெரும்பாலும் பிடிக்காது. ஏமெர்க்கின் வேலை, சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்புகிறதா என்று காவல் இருப்பது.

நோய் உறுதியான 3 மாதத்துக்குள் முதல் ரத்தம் எடுத்தாக வேண்டும். கட்டியை அகற்றியதும் அளவு இறங்கத் தொடங்கும். தாமதமாக எடுத்து நெகட்டிவ் வந்தால், ஆன்டிபாடி ஆரம்பத்திலேயே இல்லையா, இருந்து இறங்கிவிட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

பாசிட்டிவ் வருவது ஏறத்தாழ பாதிப் பேருக்கு. அவர்களுக்கு இது அருமையான கருவி. 3 மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். 2017இல் வெளியான ஆய்வில், அளவு ஏறாதபோது நோய் திரும்பவில்லை என்ற கணிப்பு 97 சதவீதம் சரியாக இருந்தது; ஏறியபோது திரும்பியது என்ற கணிப்பு 66 சதவீதம்தான். அதனால் அளவு ஏறினால் ஸ்கேன் எடுக்க வேண்டும். அந்த எண்ணை மட்டும் நம்பிச் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது.

நெகட்டிவ் என்றால் நிம்மதி என்று நினைப்பது தப்பு. அதே ஆய்வில் நெகட்டிவ் வந்தவர்களைவிடப் பாசிட்டிவ் வந்தவர்களுக்குத்தான் நோய் திரும்பும் அபாயம் 42 சதவீதம் குறைவாக இருந்தது. நெகட்டிவ் வந்தவர்களுக்கு ஏமெர்க்கைத் திரும்பத் திரும்ப எடுப்பது வீண் செலவு. ஸ்கேனை நெருக்கமாக வைத்துக்கொள்ளலாம். ரத்தத்தில் கட்டியின் டிஎன்ஏவைத் தேடும் சோதனை வைரஸ் இல்லாத கட்டிக்கும் வேலை செய்யும். அதைக் கட்டிக்கேற்ப வடிவமைக்கக் கட்டியின் மாதிரி தேவைப்படலாம் என்பதால், பயாப்ஸியின் பாரஃபின் பிளாக்கை (மெழுகில் பதித்து வைத்த கட்டித் துண்டை) ஆய்வகத்தில் பத்திரப்படுத்தச் சொல்லிவிடுங்கள்.