ஸ்மார்ட் எடை மெஷின்: மூன்றரை ஸ்டார். சூரியனுக்கு அதுவும் தேறாது

ஆன்லைனில் 1,499 ரூபாய்க்கு வாங்கினேன். நாலு மாசமாகத் தினமும் ஏறி இறங்குகிறேன். எடையில் குறை இல்லை. பிரிக்காத 25 கிலோ பொன்னி மூட்டையை வைத்தால் 25.1 காட்டுகிறது, சாக்குக்கும் எடை உண்டே. கொழுப்புச் சதவீதம்தான் ஜோசியம். காய்ந்த காலோடு ஏறினால் 34, குளித்த ஈரக் காலோடு ஏறினால் 31. பாதத்தில் துளி மின்சாரம் விட்டுத் தடையைப் பார்த்துச் சொல்கிறது. ஈரம் பட்டால் கணக்கு கெடாதா?

எனக்குப் பிடித்தது ஆப்பில் கடைசியாக வரும் பி.எம்.ஆர். சும்மா படுத்துக் கிடந்தாலும் உடம்பு ஒரு நாளைக்கு எரிப்பது. எனக்கு 1,174 கிலோகலோரி. அளந்ததில்லை, எடை, உயரம், வயதை வைத்துப் போட்ட சூத்திரம்தான். ஆனாலும் முப்பது வருஷம் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்த கை சும்மா இருக்குமா? கிலோகலோரிக்கு 4,184 ஜூல் என்று பெருக்கி, நாளுக்கு 86,400 நொடி என்று வகுத்தேன். 57 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று! நான் 62 கிலோ; கிலோவுக்கு 0.92 வாட்.

அதே வகுத்தலைச் சூரியனுக்கும் போட்டேன். திறன் 3.83 × 10²⁶ வாட், நிறை 2 × 10³⁰ கிலோ. கிலோவுக்கு 0.0002 வாட்கூடத் தேறவில்லை. கிலோவுக்குக் கிலோ நான் கிட்டத்தட்ட 4,800 மடங்கு. நான் படுத்துக்கொண்டே செய்வதைச் செய்ய 300 டன் சூரியன் வேண்டும்.

"அப்போ மாடியில வடகத்துக்குப் பக்கத்துல நீயே போய் நில்லேன்" என்றார் வீட்டுக்காரர்.

கேலி இருக்கட்டும், விஷயம் இதுதான். சூரியன் எரிவது புரோட்டான்கள், அதாவது ஹைட்ரஜன் அணுக்கருக்கள், இணைவதால். அதன் நடுவில் ஒன்றரைக் கோடி டிகிரி இருந்தும் இரண்டு புரோட்டான் இணைவது அபூர்வம். ஒரு புரோட்டான் சராசரியாகப் பல நூறு கோடி வருஷம் காத்துக் கிடக்கிறது. நம் செல்லோ காலை இட்லியை ராத்திரிக்குள் தீர்த்துவிடும். பிறகு எப்படி இந்த வெயில்? பருமன்தான். உள்ளே இருக்கும் சரக்குக்கு ஏற்ற மேல்பரப்பு வெளியே இல்லை. அதனால் ஒரு சதுர மீட்டரில் 63 மெகாவாட் பிதுங்குகிறது. என் தோலில் அதே சதுர மீட்டருக்கு 36 வாட்தான்.

ஒரு ஸ்டார் குறைத்தது ஆப்புக்காக. எடை பார்க்க என் போன் நம்பரும் இருக்கும் இடமும் எதற்கு? இன்னொரு அரை, ஈரக் கால் ஜோசியத்துக்கு.

பேரனைத் தூக்கிக்கொண்டு ஏறி, என் எடையைக் கழித்துப் பார்த்தேன்: 6.2 கிலோ. கைக்குழந்தை கிலோவுக்கு என்னைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எரிக்கும். அவன் பக்கத்தில் சூரியன் வெறும் எருக்குழி.