பொதுச்சுவர் வீட்டுக்கு எந்தக் கூரை: மெட்ராஸ் டெரஸா, கான்கிரீட்டா, இரும்புக் கட்டையா?

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள பழைய தமிழ்த் தெருக்களில் வீட்டுக்கும் வீட்டுக்கும் சந்து கிடையாது. தெருத் தாழ்வாரம், திண்ணை, ரேழி, முற்றம், பின்கட்டு என்று வீடு நீளமாக உள்ளே போகும். இருபுறமும் அண்டை வீட்டோடு பொதுச்சுவர். வைசியாள் வீதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா அர்ப்ஸ் திட்டத்தில், மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு சீரமைத்த வீட்டு வரிசை 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது பெற்றது. முகப்புகளுக்குக் கிடைத்த கவனத்தில் பாதிகூட மொட்டைமாடிக்குக் கிடைப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டின் மேரி கட்டடம் (பழைய நகராட்சி மன்றம்) 2014 நவம்பர் மழையில் இடிந்த பிறகும் அதே கதைதான்.

கூரை ஒழுகினால் முதலில் காதில் விழும் யோசனை, "இடிச்சுட்டு கான்கிரீட் போட்டுடுங்க" என்பது. தனி வீடாக இருந்தால் அதில் பெரிய தவறில்லை. பொதுச்சுவர் இருந்தால் கணக்கே வேறு.

முதலில் இருப்பது என்னவென்று பார்க்கலாம். பழைய வீடுகளின் தட்டைக் கூரையான மெட்ராஸ் டெரஸில் சுமார் ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குக் கட்டைகள். அவற்றின் மேல் ஓரங்குலக் கனமுள்ள சின்னச் செங்கற்களை நெட்டுக்குத்தாக நிறுத்தி, குறுக்குக் கோணத்தில், சென்ட்ரிங் இல்லாமலே சுண்ணாம்புக் கலவையில் ஒட்டிக்கொண்டே போவார்கள். அதன் மேல் 3 முதல் 4 அங்குலம் செங்கல் ஜல்லி போட்ட சுண்ணாம்புத் தளம், கடைசியாகத் தட்டோடு (தட்டையான ஓடு). எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 350–400 கிலோ.

கான்கிரீட் லேசானது என்று பலர் நம்புகிறார்கள். 5 அங்குலத் தளமே 310 கிலோ வரும். வெயிலுக்கும் மழைக்கும் மேலே ஜல்லித் தளமும் ஓடும் போட்டால் 480-ஐத் தொடும். கனத்தைவிடச் சிக்கலானது அது சுவரில் உட்காரும் விதம். தளம் உட்காரச் சுவர் நெடுகக் காடி (நீளப் பள்ளம்) வெட்டவேண்டும். பொதுச்சுவர் ஒன்றேகால் அடி, ஒன்றரை அடிதான் இருக்கும். மறுபக்கத்திலிருந்து அண்டை வீட்டுக் கட்டைகளும் அதே உயரத்தில் அரையடி உள்ளே வந்திருக்கும். உளி போடும்போது எது யாருடைய கட்டை என்று சுவர் சொல்லாது.

வெயிலின் வேலை இன்னொன்று. 10 மீட்டர் நீளத் தளம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். சுண்ணாம்புக் கலவைச் செங்கல் சுவர் அந்த அளவு நீளாது. தளத்துக்குக் கொஞ்சம் கீழே சுவரில் கிடையாக ஓடும் வெடிப்பு இப்படித்தான் வருகிறது. பொதுச்சுவரில் அது அண்டை வீட்டுக் கூடத்திலும் தெரியும். சண்டை அங்கே தொடங்கும். கடலோரக் காற்றில் கம்பிக்கு 30 மில்லிமீட்டருக்குக் குறையாமல் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் கனம்) வேண்டும். தளத்தில் வழக்கமாக விடுவது 15, 20. கம்பி துருப்பிடித்துப் பருத்து, அடிப்பூச்சைத் தள்ளிவிடுவதை இங்கே எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு மலிவான வழி உண்டு: பழைய டெரஸ் மேலேயே 2 அங்குலம் சிமெண்ட் கான்கிரீட், அல்லது ரப்பர் பெயிண்ட். இதை மட்டும் செய்யவே கூடாது. 2 அங்குலம் சதுர மீட்டருக்கு 120 கிலோ கூட்டுகிறது. எங்கோ ஒரு விரிசலில் இறங்கும் தண்ணீர் மேலே ஆவியாகப் போக வழியின்றிக் கட்டையில் நிற்கும். ஒழுகல் நின்றதாகத் தோன்றும்; மேலே தண்ணீர் நின்ற இடத்தில் கட்டை உளுத்துக்கொண்டிருக்கும்.

எதைத் தேர்வது என்பதைக் கட்டை முனைகள் சொல்லும். பூச்சை உடைத்து, கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தில் கூரான உளியை அழுத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் மெத்தென்று இறங்கினால் முனை போய்விட்டது. கரையான் மண்கோடு இருக்கிறதா பாருங்கள். நூல் பிடித்துத் தொய்வை அளங்கள்: 12 அடிக்கு அரை அங்குலம் பழைய தொய்வு, பயமில்லை. மாதாமாதம் கூடினால் உடனே முட்டு.

மூன்றில் ஒரு பங்குக்குள் முனைகள் கெட்டிருந்தால் பழுது பார்ப்பதே சரி. முட்டுக் கொடுத்து, உளுத்த பகுதியை நல்ல மரம் வரும்வரை வெட்டி, புதுத் தேக்கை இணைத்து, இருபுறமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் போடவேண்டும். முனையைச் சுற்றிச் சிமெண்ட் அடைக்காமல், கல்லின் மேல் உட்காரவைத்துக் காற்றுக்கு இடம் விடுங்கள்.

மேல்தளம் புதிதாகப் போட, 100 சதுர அடிக்கு 33 கன அடி செங்கல் ஜல்லியும் 13 கன அடி கலவையும் (சுண்ணாம்பு 1, சுருக்கி என்னும் செங்கல் தூள் 2) வேண்டும். 4 அங்குலம் பரப்பி 3 அங்குலமாகும்வரை கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) அடிக்கவேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக்கொண்டே, கொட்டாப்புளி துள்ளித் திரும்பும்வரை. ஒரு வாரம் ஆகலாம். இதைச் சுருக்குகிற கொத்தனாரிடம் வேலை கொடுக்காதீர்கள். வாட்டம் 10 அடிக்கு 2 அங்குலம். பிப்ரவரியில் தொடங்கினால்தான் ஐப்பசி மழைக்கு முன் சுண்ணாம்பு இறுகும்.

பாதிக்கு மேல் கட்டை போயிருந்து, தேக்கு வாங்கக் கட்டுப்படாவிட்டால் இரும்புக் கட்டை. 12 அடி இடைவெளிக்கு, ஒன்றரை அடிக்கு ஒன்றாக 100 மில்லிமீட்டர் உயர ஐ-செக்ஷன் (‘I’ வடிவ இரும்பு) சாதாரண மொட்டைமாடிக்குத் தாங்கும். பொறியாளர் ஒருமுறை சரிபார்க்கட்டும். மேலே அதே செங்கல், அதே சுண்ணாம்பு. பழைய பொந்துகளிலேயே உட்காருவதால் பொதுச்சுவரில் புதிதாக வெட்டத் தேவையில்லை. சுவருக்குள் போகும் முனைக்கு எபாக்ஸி பூச்சு கட்டாயம். வெறும் ரெட் ஆக்சைடு கடற்காற்றுக்குப் போதாது. அழகில் தேக்குக்கு ஈடாகாது, அவ்வளவுதான்.

கான்கிரீட்டுக்கு இடமே இல்லையா என்றால், உண்டு: ஏற்கெனவே விழுந்துபோன பின்கட்டில். அங்கே சொந்தத் தூண்களை உள்ளே நிறுத்தி, பொதுச்சுவரிலிருந்து 2 அங்குலம் விலகித் தளம் போடுங்கள். இடைவெளியைத் தகடு மூடி மழைக்குக் காக்கட்டும்.

எந்தக் கூரையானாலும் தண்ணீர் முதலில் புகும் இடம் பொதுச்சுவரும் தளமும் சேரும் மூலை. அங்கே சுண்ணாம்பில் சரிவுக்கரை கட்டுங்கள். அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள், சுவரும் கூட வரும்; வெட்டி, வேரில் மருந்து வைத்துக் காயவிட்டு, பிறகு எடுங்கள். அண்டை வீட்டார் பக்கத்து மூலையையும் அதே கோடையில் பூசச் சம்மதிக்க வைத்தால் நல்லது, ஒரு பக்கம் மட்டும் பூசிய சுவரில் ஓதம் மறுபக்கம் வழியாக வந்துகொண்டே இருக்கும்.