நல்ல டேப்லெட், ஆனால் திறக்க மட்டும் சொல்லாதீர்கள்

இந்த டேப்லெட்டின் விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். அவர் கேட்ட நேரம் அப்படி, அப்போதுதான் என் டேப்லெட்டுக்குப் பேட்டரி மாற்றி முடித்திருந்தேன்.

திரையைக் குறை சொல்ல மாட்டேன். இந்த அளவு டேப்லெட்டுக்கு ஸ்பீக்கர் தாராளம்தான். வாங்கியபோது இருந்த வேகம் பெரிதாகக் குறையவில்லை. சார்ஜ் நிற்காமல் போனதும்தான் இதன் சுயரூபம் தெரிந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் ஒரு ஸ்க்ரூ கிடையாது. எல்லாம் பசை.

திறக்க வேண்டுமென்றால், முதலில் சார்ஜைக் கால்வாசிக்குக் கீழே இறக்கி, ஆஃப் செய்துவிட வேண்டும். அப்புறம் ஒரு ஓரத்தில் மட்டும் ஹேர் டிரையரை அசைத்து அசைத்துக் காட்ட வேண்டும். கண்ணாடியில் விரலை வைத்துக்கொண்டே இருக்க முடியாத சூடு வந்தால் போதும். (பேட்டரி உப்பியிருந்தால் சூடே காட்டாதீர்கள்.) உறிஞ்சு கப்பை ஒட்டி இழுத்தால் முடியளவு இடைவெளி தெரியும். அதில் கிட்டார் பிக்கை (கிட்டார் மீட்டும் சிறு பிளாஸ்டிக் வில்லை) நுழைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டால் பசை இளகிக் கொடுக்கிறது. கத்தி, ஸ்க்ரூடிரைவர் பக்கமே போகக் கூடாது. நெம்பினால் கண்ணாடி விரிசல் விடும். பிக்கை ஓரமாக நகர்த்த மட்டும்தான் வேண்டும், அதுவும் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குள். திறந்த இடத்தில் ஒரு பிக்கைச் செருகியே வைக்காவிட்டால், அடுத்த பக்கம் போவதற்குள் பசை ஆறி மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

திரையை உள்ளே இணைக்கும் மெல்லிய பட்டை ஒயர் (ரிப்பன் கேபிள்) எந்தப் பக்கம் என்று முன்பே பார்த்து வைத்திருந்ததால் அந்த ஓரத்தைக் கடைசியாகத் தொட்டேன். சேதம் எதுவும் இல்லை. உள்ளே பார்த்தால் பேட்டரிக்கு அடியிலும் பசை! இழுத்தால் உரிந்து வரும் பட்டைகூட வைக்கவில்லை.

தண்ணீர் புகாத போன் என்றால் பசைக்கு ஒரு நியாயம் உண்டு. இதற்கு அந்தத் தகுதியும் இல்லை, பிறகு யாருக்காக இந்த ஒட்டு? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் போக, பயனரே கழற்றி மாற்றும்படி பேட்டரி இருக்க வேண்டும் என்று சட்டம் வருகிறது. தயாரிப்பாளர்களைச் சட்டம் போட்டுத்தான் கேட்க வைக்க வேண்டியிருக்கிறது.

நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நியாயமாகப் பார்த்தால் நாலு நட்சத்திரம் தர வேண்டிய பொருள். நான் இரண்டுதான் தருவேன். கை வலி குறைந்ததும் வேண்டுமானால் மூன்றாக்குகிறேன்.