ரூம் வாடகைக்கு ஆவரேஜா மீடியனா?

ஈப்போவுலேர்ந்து வேலைக்கு கேஎல் (கோலாலம்பூர்) வர்ற அக்கா மவ கேட்டா, மாமா பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ரூம் வாடகை ஆவரேஜ் ஆயிரம் வெள்ளியாமே (ரிங்கிட்), கட்டுப்படியாகுமான்னு. அவ பாத்த 5 ரூம்: 600, 650, 700, 750, 2300. கடைசி ஒன்னு நீச்சல்குளம் வெச்ச கொண்டோ அடுக்குமாடி, அது ஒன்னே மொத்த கணக்கையும் இழுத்துட்டு போயிடுச்சு.

கணக்கு போட:
ஆவரேஜ் – கூட்டி 5-ஆல வகுத்தா 1000.
மீடியன் – வரிசையா அடுக்கி நடுவுல நிக்குறது, 700. இரட்டைப்படைன்னா நடு ரெண்டையும் கூட்டி பாதி.

ஒத்தை பெரிய நம்பர் வந்தா:
ஆவரேஜ் – ஏறிடும்.
மீடியன் – அசையாது, கொண்டோ 5000 ஆனாலும் அதே 700 தான்.

பரவல் பாக்க:
ஆவரேஜ் கூட ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (நம்பருங்க ஆவரேஜ விட்டு பொதுவா எவ்ளோ தள்ளி நிக்குதுன்னு காட்டுறது), இங்க 652 கிட்ட வருது, நாலு ரூமுக்கு நடுவுல வித்தியாசமே 150 தான், பாத்தா சிரிப்பா இல்ல?
மீடியன் கூட நடுப்பகுதிய மட்டும் பாருங்க, ரெண்டு ஓரத்தையும் தள்ளினா 650-லேர்ந்து 750.

நாட்டுக் கணக்கும் இப்படித்தான், 2022-ல மலேசியாவுல குடும்ப மாத வருமானம் ஆவரேஜ் 8479 வெள்ளி, மீடியன் 6338. பாதி குடும்பம் 6338-க்கு கீழ.

அதுக்காக ஆவரேஜ் வேஸ்ட்னு இல்ல. மாச கரண்ட் பில்லு ஆவரேஜ 12-ஆல பெருக்கினா வருஷ மொத்தம் கரெக்டா வரும், மீடியன்ல அது வராது. பட்ஜெட், மொத்த செலவுன்னா ஆவரேஜ் எடுங்க. வாடகை, சம்பளம், வீட்டு விலைன்னா மீடியன் தான். மவ கிட்ட 700 வெச்சிக்க சொல்லிட்டேன், டெபாசிட் தனி.