கேஸ் அடித்ததும் குளிர்ந்துவிட்டதே என்று நம்பிவிடாதீர்கள்

வீட்டு ஃப்ரீசர் குளிரவில்லை என்று மெக்கானிக்கை அழைக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அழையுங்கள். அழைத்துவிட்டவர்கள், அவர் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மாடியேறுவதற்குள் படித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது பனி கட்டாத வகை ஃப்ரீசர். ஃபேன் காற்றை ஊதி ஊதிக் குளிரவைக்கும் வகை. மைனஸ் 18-இல் நிற்க வேண்டியது கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே வந்து, உள்ளே கல்லாக இருந்ததெல்லாம் நெகிழ ஆரம்பித்தது. கம்ப்ரஸர் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. இணையத்தில் எண் தேடி ஒரு சர்வீஸ்காரரை வரவழைத்தோம். வந்தவர் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தார், கதவைத் திறந்து மூடினார். "கேஸ் போயிடுச்சு சார், வேற ஒண்ணும் இல்ல" என்றார். உள்ளே ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. மின்சாரம் சோதிக்கும் மல்டிமீட்டர் பையைவிட்டு வெளியே வரவே இல்லை.

ஆதாரம் கேட்டதும் ஒரு வித்தை காட்டினார். கம்ப்ரஸரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மூடிய செப்புக் குழாயில், குழாயைக் குத்தித் துளைத்துக் கவ்விக்கொள்ளும் ஒரு வால்வை மாட்டி, அழுத்தம் காட்டும் கேஜை இணைத்தார். முள் பூஜ்யத்துக்கும் கீழே போய் நின்றது. "பாத்தீங்களா, சுத்தமா காலி!" முள்ளைக் கண்ணால் பார்த்தபின் யாரானாலும் நம்பத்தான் செய்வார்கள்.

அந்த முள்ளைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். இப்போது வரும் பல ஃப்ரீசர்களில் ஆர்600ஏ என்கிற ஐசோபியூட்டேன் வாயு இருக்கிறது. சாதாரண காற்றழுத்தத்தில் இது கொதிப்பது மைனஸ் 12 டிகிரி அளவில். ஃப்ரீசருக்குள் குளிர்ச்சி தரும் குழாய்ச் சுருளான காயில் (coil) அதைவிட நன்றாகக் கீழே, மைனஸ் 20-க்கும் கீழே போக வேண்டும். அப்படிப் போக வேண்டுமானால் அந்தப் பக்கத்து அழுத்தம் காற்றழுத்தத்தைவிடக் குறைந்தே தீர வேண்டும். கேஜில் பூஜ்யம் என்பதே வெளிக்காற்றழுத்தம்தான். ஆக, நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் ஆர்600ஏ ஃப்ரீசரில் கேஜை மாட்டினாலும் முள் பூஜ்யத்துக்குக் கீழேதான் நிற்கும். அவர் எனக்குக் காட்டியது ஆரோக்கியமான எந்திரத்தை. காட்டுவதற்காகக் குழாயில் ஓட்டை போட்டது மட்டும் நிஜம்.

அப்புறம் கேஸ் அடித்தார். எங்கள் ஃப்ரீசரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் ஆர்600ஏ, 52 கிராம் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. இவ்வளவு சிறிய அளவில் ஐந்து பத்து கிராம் ஏறினாலும் இறங்கினாலும் குளிர்ச்சி மாறிவிடும் என்பதால், தராசில் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். இவரிடம் தராசே இல்லை. கம்ப்ரஸர் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டே திருகிக்கொண்டிருந்தார். குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்ப் போடவில்லை, லீக் எங்கே என்று தேடவும் இல்லை. கேட்டதற்கு, "நாளாச்சுன்னா கேஸ் தானா கொறையும் சார்" என்று பதில். குறையாது. அது எரிந்து தீரும் எரிபொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் ஏற்றும் கேஸ் அதே வழியில் போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு ஃப்ரீசர் குளிர்ந்தது! மறுநாளே ஐஸ் கட்டியது. பணத்தை வாங்கிக்கொண்டு போனவரைப் பற்றி நல்ல வார்த்தைகூடச் சொல்லிக்கொண்டிருந்தோம். இந்த மோசடி ஓடிக்கொண்டிருப்பதே இந்த ஒரு புள்ளியில்தான்.

பனி கட்டாத ஃப்ரீசரில் குளிர்ச்சி தரும் காயில், உள் பின்சுவரின் பிளாஸ்டிக் தகட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும். அதில் சேரும் பனியைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஹீட்டர் உருக்கிவிடும். அந்த ஹீட்டரோ, அதை இயக்கும் பைமெட்டல் என்கிற சென்சாரோ, டைமரோ, கட்டுப்பாட்டு போர்டோ கெட்டால் பனி உருகாது. காயில் முழுக்கப் பனி அப்பிக்கொண்டு காற்று போகும் வழி அடைபடும். கேஸ் நிறைவாக இருக்கும், கம்ப்ரஸர் ஓடும், ஆனால் குளிர் அந்தப் பனிச்சுவரைத் தாண்டி வெளியே வராது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கேஸ் போனது போலவே தெரியும்.

இவர் வேலைக்கு வருவதற்கு முந்தைய நாளே போனில் சொல்லியிருந்தார்: "எல்லாத்தையும் எடுத்துட்டு ஆஃப் பண்ணி, ராத்திரி பூரா கதவைத் திறந்து வையுங்க." வைத்தோம். தரையெல்லாம் தண்ணீர். காயிலை அடைத்திருந்த பனி அப்போதே உருகிவிட்டது. மறுநாள் அவர் கேஸ் அடித்திருந்தாலும் சரி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தேநீர் குடித்திருந்தாலும் சரி, ஃப்ரீசர் குளிர்ந்திருக்கும். பனி மறுபடி சேர்ந்து காற்றை அடைக்க ஒரு வாரம் பத்து நாள் பிடிக்கும். அதற்குள் அவர் கையில் பணம், நம் கையில் 'சர்வீஸ்' என்ற ஒற்றைச் சொல்லோடு ஒரு ரசீது.

அதேபோல்தான் மறுபடி நின்றது. திரும்ப வந்தவர் முகத்தில் கொஞ்சமும் சங்கடம் இல்லை. "கம்ப்ரஸர் வீக் ஆயிடுச்சு, அதான் கேஸ் நிக்கல" என்றார். புது ஃப்ரீசர் விலையில் பாதியை நெருங்கும் தொகை ஒன்றைச் சொன்னார், பழைய கம்ப்ரஸரைத் தானே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். கம்ப்ரஸருக்கும் கேஸ் நிற்பதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டபோது, "டெக்னிக்கலா சொன்னா புரியாது சார்" என்று முடித்துக்கொண்டார். அங்கேதான் அவரை அனுப்பிவிட்டு, தெரிந்தவர் மூலம் ஒரு வயதான மெக்கானிக்கை அழைத்தோம்.

பெரியவர் கேஜைத் தொடவே இல்லை. உள்ளே இருந்த தட்டுகளை எடுத்தார், பின்தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றினார். தகடு வர மறுத்தது. பனியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி மெல்ல விடுவித்தபோது, காயிலே தெரியாத அளவுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் வெள்ளைச் சுவர். "தம்பி, இதைப் பாருங்க" என்று கூப்பிட்டுக் காட்டினார். கேஸ் குறைந்திருந்தால் காயிலின் ஆரம்பத்தில் மட்டும் ஒரு திட்டாகப் பனி இருக்கும், மீதி வெறுமையாகக் கிடக்கும். முழுக்க ஒரே மாதிரி மூடியிருந்தால் கேஸ் கடைசிவரை போய்ச் சேர்கிறது என்று பொருள். இந்த ஒரு காட்சியைப் பார்க்காமல் கேஸ் போய்விட்டது என்று யாரும் சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி. இப்போது என் கட்சியும்.

பிறகு மல்டிமீட்டர். ஹீட்டரில் தொடர்ச்சி இருந்தது, அதாவது கம்பி அறுந்திருக்கவில்லை. பைமெட்டல் கடுங்குளிரில் இணைந்திருக்க வேண்டும், சூடானதும் பிரிய வேண்டும். இது பனிக்குள் புதைந்திருந்தபோதே பிரிந்து கிடந்தது. ஹீட்டருக்கு மின்சாரமே போகவில்லை. கட்டைவிரல் அளவு உதிரிபாகம், மொத்தச் செலவில் அதன் விலை கண்ணுக்கே தெரியாது.

அதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். முதல் ஆள் குழாயில் கவ்வவிட்டுப் போன வால்வில் பெரியவர் சோப்பு நுரை தடவினார். ஓடும்போது ஒன்றும் இல்லை. கம்ப்ரஸரை நிறுத்திச் சற்றுப் பொறுத்ததும், உள்ளழுத்தம் ஏறி, நுரையில் குமிழ் குமிழாகக் கிளம்பியது. நிற்கும்போது கேஸ் வெளியே போகிறது, ஓடும்போது அதே துளை வழியாக வெளிக்காற்றும் ஈரமும் உள்ளே இழுக்கப்படுகின்றன. இல்லாத லீக்குக்கு வைத்தியம் பார்த்து நிஜமான லீக்கை உண்டாக்கிவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். ஐசோபியூட்டேன் தீப்பற்றும் வாயு வேறு. ஜன்னல்களைத் திறந்து வைத்து, வாயுவை வெளியேற்றி, அந்தத் துண்டை வெட்டி எறிந்து, ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் டிரையர் மாற்றி, வேக்கம் போட்டு, தராசில் 52 கிராம் நிறுத்து ஏற்ற வேண்டியிருந்தது. பைமெட்டலோடு போயிருக்க வேண்டிய செலவு எங்கேயோ போய் நின்றது.

கம்ப்ரஸர் போய்விட்டது என்று சொல்பவரிடம் அதன் மூன்று பின்களுக்கு இடையே ஓம் (மின்தடை) அளந்து காட்டச் சொல்லுங்கள். சிங்கிள் ஃபேஸ் மின்சாரத்தில் ஓடும் சாதாரண கம்ப்ரஸர் என்றால், சிறிய இரண்டு அளவுகளையும் கூட்டினால் மூன்றாவது வர வேண்டும், எந்தப் பின்னுக்கும் கம்ப்ரஸரின் உலோக உடம்புக்கும் மின்தொடர்பு இருக்கக் கூடாது. சில நிமிடத்துக்கு ஒருமுறை 'டிக்' என்று கேட்டு நின்றுவிடுகிறதென்றால் முதலில் கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் ரிலேயையும், அதைச் சூட்டிலிருந்து காக்கும் ஓவர்லோடையும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வேகத்தை மாற்றிக்கொண்டு ஓடும் இன்வர்ட்டர் வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதற்கு போர்டையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். கேஸ் ஏற்றினால் எந்த வாயு, எத்தனை கிராம், லீக் எங்கே இருந்தது என்று மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்குபவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

முதல் ஆளின் எண்ணுக்குக் குமிழ் வரும் வீடியோவை அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்டேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை. பிறகு வேறு எண்ணிலிருந்து அழைத்தபோது, அதே குரல் உற்சாகமாகக் கேட்டது: "என்ன சார், ஃப்ரீசர் கூலிங் இல்லையா? கேஸ் போயிருக்கும்."