ஸ்டில் எம்.எஸ். 180: யாழ்ப்பாணத்து வளவுகளுக்கு ஏற்ற சிறிய சங்கிலி வாள்

மரம் தறிப்பதையும் கொப்பு வெட்டுவதையும் தொழிலாகக் கொண்ட சிறிய குழு ஒன்று சங்கிலி வாள் வாங்கக் கடைக்குப் போனால், முதலில் எடுத்துக் காட்டப்படுவது பெரிய எஞ்சினும் சங்கிலி ஓடுகின்ற நீண்ட தகடும் கொண்ட, பெயர் தெரியாத, விலை மலிவான ஓர் இயந்திரமாகவே பெரும்பாலும் இருக்கும். 52 சீசீ, 58 சீசீ என்று பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போது, அதைவிடக் கூடுதலான பணம் கொடுத்து 31.8 சீசீ எஞ்சின் கொண்ட ஸ்டில் எம்.எஸ். 180 ஐ வாங்குவது நட்டமாகத் தோன்றுவது இயல்பு. ஆனாலும் குடாநாட்டின் வீட்டு வளவுகளில் வேலை செய்யும் எங்கள் குழுவுக்கு இந்தச் சிறிய வாளே பொருத்தமானது என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். இங்குள்ள மரங்களையும் வளவுகளின் அமைப்பையும் பார்த்தால் அதற்கான காரணம் விளங்கும்.

கொக்குவில், கோண்டாவில், நல்லூர், மானிப்பாய்ப் பக்கங்களில் இரண்டு மூன்று பரப்புக் காணிக்குள் வீடு, கிணறு, மதில், கழிவறை, மோட்டார் கொட்டகை எல்லாம் நெருங்கி நிற்க, அவற்றுக்கிடையே ஒரு கறுத்தக்கொழும்பான் மாவும் ஒரு பலாவும் நாலைந்து தென்னைகளும் வேம்பும் முருங்கையும் வளர்ந்திருக்கும். எங்களை அழைப்பவர்களில் பெரும்பாலானோருக்கு மரம் முழுவதையும் வீழ்த்தும் தேவை இருப்பதில்லை. ஓட்டுக்கூரைக்கு மேல் சாய்ந்த மாங்கொப்பையும், கிணற்றுக்குள் சருகு கொட்டுகின்ற வேப்பங்கிளையையும், மதிலை நெருக்குகின்ற பூவரசையும் குறைத்துத் தரும்படியே கேட்கிறார்கள். வடகீழ்ப் பருவமழை தொடங்குவதற்கு முன்னர், குறிப்பாகப் புரட்டாதியிலும் ஐப்பசியிலும், இந்த அழைப்புகள் கூடும். 2008 இல் நிஷா புயலின்போதும் 2020 மார்கழியில் புரெவியின்போதும் முறிந்து விழுந்த மரங்களைப் பார்த்தவர்கள் மழைக்கு முன்னரே எச்சரிக்கையாகிவிடுகிறார்கள். இப்படியான வேலைகளில் வாளின் பற்களுக்குள் அகப்படும் மரத்தின் குறுக்களவு ஒரு சாணைத் தாண்டுவது அரிது. அந்த அளவுக்கு 35 சென்ரிமீற்றர் தகடு தாராளமாகப் போதும்.

தகடும் சங்கிலியும் இல்லாமல் எம்.எஸ். 180 இன் நிறை ஏறத்தாழ 4 கிலோகிராம். காலையிலிருந்து வெயில் ஏறும்வரை குனிந்து நின்று, விழுந்த கொப்புகளை அடுப்புத் துண்டுகளாக அரிகின்ற ஒருவருக்கு இந்த நிறை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது, பெரிய வாளைப் பிடித்துப் பழகியவர்களுக்கு உடனே புரியும். கை களைத்தபின் வாளின் முனை எங்கே இருக்கிறது என்பதில் கவனம் குறைந்துவிடுகிறது. தகட்டு முனையின் மேற்பகுதி ஒரு கொப்பில் தட்டி வாள் முகத்தை நோக்கித் திரும்பி அடிக்கும் விபத்து அப்படித்தான் நேர்கிறது. இந்த வாளில் முன்கைப் பிடிக்கு முன்னே உள்ள தடுப்பு மணிக்கட்டுப் பட்டவுடனோ அடி விழும் வேகத்திலோ சங்கிலியை நிறுத்திவிடும். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குவதற்கு முன் இந்தத் தடுப்பைச் சரிபார்ப்பதை நாங்கள் கட்டாயமாக வைத்திருக்கிறோம்.

பெற்றோல் தாங்கி கால் லீற்றர் அளவே கொள்ளும். சிலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எங்களுக்கு இது வசதியாகவே இருக்கிறது, ஏனென்றால் தாங்கி காலியாகும் நேரமே சங்கிலியைத் தீட்டும் நேரமுமாகிவிடுகிறது.

இந்த வாளைப் பற்றி எழுதும்போது சங்கிலியைப் பற்றித்தான் கூடுதலாக எழுத வேண்டும். எஞ்சினின் வலு எவ்வளவாக இருந்தாலும் மரத்தை வெட்டுவது பல்தான். கூரான சங்கிலி, தகட்டை மரத்தின்மேல் வைத்த மாத்திரத்தில் தானாகவே உள்ளிறங்கி, தேங்காய்ப்பூ போன்ற தடித்த சீவல்களை வெளியே தள்ளும். மழுங்கிய சங்கிலியிலிருந்து அரிசிமா போல நுண்ணிய தூள் வரும், வெட்டுவாய் கறுக்கும், வாளைப் பிடித்திருப்பவர் உடல் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்த வேண்டி வரும். பெரிய எஞ்சின் உள்ள வாளில் இந்த மழுங்கலை வலு மறைத்துவிடுகிறது. சிறிய எஞ்சின் மறைப்பதில்லை, உடனே முனகத் தொடங்கிவிடும். அதனால் இந்த வாளை வைத்திருப்பவர் தீட்டக் கற்றுக்கொண்டே ஆகவேண்டும். எம்.எஸ். 180 உடன் வரும் குறும்பல் சங்கிலிக்கு 4 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருண்டை அரம் தேவை. பல்லின் மேல்விளிம்பு 30 பாகைச் சாய்வில் இருக்க வேண்டும்; உள்ளிருந்து வெளிப்பக்கமாக மட்டும் அரத்தைத் தள்ளி, திரும்ப இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னே நிற்கும் சிறிய திமில், பல் எவ்வளவு ஆழத்துக்கு மரத்தைக் கொத்தலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. பல் தேயத் தேய அந்தத் திமிலையும் தட்டை அரத்தால் குறைத்து, பல்லின் விளிம்பைவிட 0.65 மில்லிமீற்றர் தாழ்வாக வைத்திருக்க வேண்டும். பலர் பல்லை மட்டும் தீட்டிவிட்டுத் திமிலை மறந்துவிடுகிறார்கள்; பிறகு சங்கிலி பளபளப்பாக இருந்தும் வெட்டவில்லை என்று வாளைக் குறை சொல்கிறார்கள். பல்லையும் திமிலையும் ஒரே தள்ளலில் சரிசெய்யும் அரக்கூடு ஒன்றையும் ஸ்டில் நிறுவனம் விற்கிறது. பழகாத ஒருவர் குழுவில் இருந்தால் அதற்குச் செலவழிக்கும் பணம் வீண்போகாது.

மின்சாரச் சாணையில் தீட்டித் தரும் இடங்களுக்குச் சங்கிலியைக் கொடுப்பதை நாங்கள் நிறுத்திவிட்டோம். ஓர் இடத்தில் கொடுத்த சங்கிலி, பற்களின் நுனி நீலம் பாரித்துத் திரும்பி வந்தது. அந்த நீலம் உருக்கு அளவுக்கு மீறிச் சூடேறியதற்கு அடையாளம். அப்படிச் சூடேறிய விளிம்பு விரைவில் மழுங்குவதோடு, கையரமும் அதில் பிடிக்காமல் வழுக்கும்.

இங்குள்ள மரங்கள் சங்கிலியைச் சோதிக்கும் விதம் தனி. முருங்கையும் கிளுவையும் பொருட்டல்ல. மாவும் வேம்பும் பச்சையாக இருக்கும்போது நன்றாக வெட்டுப்படும். காய்ந்த வேம்பு சற்று இறுக்கம். பனை முற்றிலும் வேறு. வெளிப்புறம் கருநிற நார்கள் செறிந்த வைரம், உள்ளே மென்மையான சோற்றி. வைரத்தைக் கடக்கும்வரை வாளைத் திணறவிடாமல் மெதுவாக நகர்த்த வேண்டும், உள்ளே போனதும் ஈரத் தும்பு வந்து சங்கிலிச் சக்கரத்தின் மூடிக்குள் அடைந்துகொள்ளும். இந்த வாளில் தகட்டைப் பிடித்திருப்பது ஒரேயொரு நட் என்பதால், மூடியைக் கழற்றித் தும்பைச் சுரண்டி எடுப்பது சிறிது நேர வேலைதான். ஒரு பனை முடிந்ததும் தீட்டாமல் அடுத்த மரத்துக்குப் போக முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் மரத்துக்குள் இருக்கும் இரும்பு. கதியாலாக நட்ட பூவரசு தடித்து மரமாகும்போது, அதில் அடித்த ஆணியையும் முட்கம்பியையும் பட்டை மூடி வளர்ந்துவிடுகிறது. பழைய மரங்களில் போர்க்காலத்துச் சன்னங்களும் செல் துண்டுகளும் புதைந்திருக்கின்றன; வடக்கில் மரம் அரியும் எவருக்கும் இது புதிதல்ல. ஒருமுறை இரும்பில் பட்டால் அந்த ஓட்டத்திலேயே ஒரு பக்கப் பற்கள் முழுவதும் நுனி உடைந்துவிடும், பிறகு வாள் நேராகப் போகாமல் ஒரு பக்கம் வளையும். பட்டையில் காரணமில்லாத புடைப்போ குழியான தழும்போ இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறோம். வெட்டத் தொடங்கியபின், மரத்தின் வெளிறிய நிறத்தில் கருநீலக் கறை தென்பட்டால் உடனே நிறுத்திவிடுவோம். இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சாறும் சேர்ந்தால் அந்தக் கறை உண்டாகும், அதற்கு அண்மையில் இரும்பு இருக்கிறது என்று நிச்சயமாக நம்பலாம். வேலியோர மரங்களுக்கென்று தேய்ந்த பழைய சங்கிலி ஒன்றைத் தனியே வைத்திருக்கிறோம்.

எண்ணெய் விடயத்தில் இந்த வாள் விட்டுக்கொடுப்பதில்லை. பெற்றோலுடன் கலக்கும் எண்ணெய், நிறுவனத்தின் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எண்ணெயாக இருந்தால் 50 க்கு 1, அதாவது ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். கண்மதிப்பில் ஊற்றாமல் அளவுக்குவளையில் அளந்து ஊற்ற வேண்டும். சங்கிலிக்கு விடும் எண்ணெய்க்காக மோட்டார் சைக்கிள் திருத்துமிடங்களில் கழிவெண்ணெய் வாங்கி ஊற்றும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அது ஒட்டுந்தன்மை இழந்தது, உலோகத்தூள் கலந்தது, தோலுக்கும் கேடானது; நிறுவனத்தின் கைநூலே அதைத் தடுக்கிறது. எனக்கு இதில் வேறொரு கவலையும் உண்டு. சங்கிலிக்கு விடும் எண்ணெய் எதுவும் திரும்பி வருவதில்லை, முழுவதும் தூளோடு சேர்ந்து நிலத்தில்தான் விழுகிறது. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், அதற்குக் கீழே உள்ள நீரைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்து மக்கள் பட்ட பாட்டைக் கண்ட பிறகும், ஒருவரின் கிணற்றடியில் நின்று கழிவெண்ணெயைச் சிந்த எங்களுக்கு மனம் வராது. சங்கிலி எண்ணெய் கிடைக்காத நாட்களில் புதிய எஞ்சின் எண்ணெய் பாவிக்கிறோம். செலவு கூடத்தான் செய்கிறது. அதைக் கூலிக் கணக்கில் சேர்த்து, ஏன் என்று சொன்னால் வீட்டுக்காரர் மறுப்பதில்லை.

இந்த வாளால் செய்யக்கூடாதவையும் உண்டு. பின்பிடி கொண்ட இதை இரண்டு கைகளாலும் பிடித்து, நிலத்தில் கால் ஊன்றி நின்றே பாவிக்க வேண்டும். மரத்தில் ஏறி ஒரு கையால் கொப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இதை இயக்குவதைக் குடாநாடெங்கும் பார்க்கலாம். அப்படிச் செய்யும் ஒவ்வொருவரைக் காணும்போதும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. மரத்தின் மேல் நின்று வெட்டுவதற்கென்றே மேற்பிடி கொண்ட எம்.எஸ். 194 டீ போன்ற வாள்கள் இருக்கின்றன, அவையும் கயிற்றில் ஏறப் பயிற்சி பெற்றவர்களுக்கானவை. எங்கள் குழுவில் மேலே ஏறுபவர் வளைந்த கைவாளையே கொண்டு போகிறார். இழுக்கும்போது வெட்டும் அந்தக் கைவாள் கையளவு கொப்பைச் சத்தமில்லாமல் அறுத்துவிடும். கொப்பைக் கயிற்றில் கட்டி மெதுவாக இறக்கிய பின், கீழே சங்கிலி வாளின் வேலை தொடங்கும். மின்கம்பிக்கு அருகிலுள்ள கொப்புகளை மின்சார சபைக்கு அறிவித்து, மின்னை நிறுத்திய பின்னரே தொடுகிறோம்.

முற்றிய புளி, பழைய இலுப்பை போன்ற பருத்த அடிமரங்களுக்கும் இது ஏற்றதல்ல. இருபுறமிருந்தும் வெட்டினால் முடியும்தான், ஆனால் சிறிய எஞ்சினை நெடுநேரம் முழு வேகத்தில் வருத்துவதைவிட, அன்றைக்குப் பெரிய வாளையும் அதை இயக்குபவரையும் வாடகைக்கு அழைப்பதே சிக்கனம். அப்படியான வேலையை ஒப்புக்கொள்ளும் முன்னர் அனுமதியையும் பார்க்க வேண்டும்: 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்க முடியாது. கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் பெற்ற கடிதத்தைக் கையில் வாங்காமல் நாங்கள் கயிறு போடுவதில்லை.

சத்தம் ஏறத்தாழ 100 டெசிபெல். காதுமூடியில்லாமல் சிறிது நேரம்கூட வேலை செய்யக்கூடாது. முகவலையும் காதுமூடியும் சேர்ந்த தலைக்கவசத்தை வாளின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

பற்றரியில் இயங்கும் வாள்களைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2022 இல் கலன்களில் பெற்றோல் வழங்கப்படாத மாதங்களில் நாங்களும் அதைத் தீவிரமாக யோசித்தோம். சத்தம் குறைவு, புகை இல்லை, பாடசாலைக்கும் கோயிலுக்கும் பக்கத்தில் வேலை செய்ய மிகவும் நல்லது. ஆனால் ஒரு முழுநாள் வேலைக்கு இரண்டு மூன்று பற்றரிகள் தேவை. அதே ஆண்டில் டொலரின் பெறுமதி 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபின், ஒரு சிறிய குழு அந்தச் செலவைத் தாங்குவது கடினமாகிவிட்டது.

உதிரிப்பாகம் கிடைப்பது இந்த வாளை நான் பரிந்துரைப்பதற்கு இன்னொரு முக்கிய காரணம். சங்கிலி, தகடு, பிளக், எயார் பில்டர் ஆகியவற்றை யாழ். நகரிலேயே வாங்க முடிகிறது. மற்றவற்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தருகிறார்கள். பெயர் தெரியாத வாள்களுக்குப் பாகம் மலிவாகக் கிடைத்தாலும், ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றுக்குப் பொருந்துவதில்லை. கொள்வனவுச் சிட்டையைக் கட்டாயம் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

புதிய சங்கிலி வாங்கும்போது "பதினான்கு அங்குலச் சங்கிலி" என்று மட்டும் கேட்காதீர்கள். தகட்டின் அடிப்பகுதியில் சங்கிலியின் இடைவெளி, சங்கிலி ஓடும் தவாளிப்பின் அகலம், உள்ளோடும் கண்ணிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் பொறிக்கப்பட்டிருக்கும். 35 சென்ரிமீற்றர் தகட்டுக்குக் கண்ணிகள் 50. தவாளிப்பு சில தகடுகளில் 1.1 மில்லிமீற்றர், சிலவற்றில் 1.3 மில்லிமீற்றர். 1.3 தவாளிப்பில் 1.1 சங்கிலியைப் போட்டால் அது பொருந்தியது போலத்தான் தெரியும், ஆனால் வெட்டும்போது பக்கவாட்டில் ஆடித் தகட்டைத் தின்றுவிடும். ஆகவே பழைய தகட்டைக் கழற்றிக் கையோடு கொண்டு போய், அந்த மூன்று எண்களையும் கடைக்காரரிடம் காட்டி வாங்குங்கள்.