ஒய்ரா: குசினி ஆபத்துகளைப் பதிவுசெய்ய ஓர் இலவசக் கருவி

பிரான்சில் ஒரேயொரு வேலையாளை வைத்திருந்தாலும் முதலாளியிடம் கட்டாயம் இருக்கவேண்டிய பத்திரம் டியூவெர்ப். வேலையிடத்தில் என்னென்ன ஆபத்து, அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதிவைக்கும் பத்திரம் அது. 2001 நவம்பர் ஆணையோடு வந்தது. இல்லாவிட்டால் தனிநபர் முதலாளிக்கு 1,500 யூரோ வரை தண்டம், திரும்பவும் பிடிபட்டால் 3,000. "நாங்கள் செய்து தருகிறோம்" என்று அரசாங்கக் கடிதம் மாதிரியே வருகிற தாள்களை நம்பிக் காசு கட்டுவதற்கு முதல், ஒய்ராவை (OiRA) ஒருக்கால் திறந்து பாருங்கள்.

பில்பாவோவில் இருக்கும் ஐரோப்பிய வேலைப் பாதுகாப்பு முகமை சின்ன நிறுவனங்களுக்காக உருவாக்கிய இணையக் கருவி இது. பிரான்ஸ் உணவகங்களுக்கான பகுதியைத் தயாரித்தது ஐஎன்ஆர்எஸ் (INRS) என்கிற பிரான்சின் வேலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம். ஒரு மின்னஞ்சல் போதும், காசு இல்லை. பதிவு செய்யாமலே ஓடவிட்டுப் பார்க்கவும் வழி உண்டு.

நல்ல நிலையைச் சொல்லும் வாக்கியங்கள் ஒவ்வொன்றாக வரும்: தரை வழுக்காது, கத்திகளுக்குத் தனி இடம் இருக்கிறது என்ற மாதிரி. நீங்கள் ஆம் அல்லது இல்லை அமத்தவேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். பரீட்சை எழுதுகிற மாதிரி எல்லாவற்றுக்கும் ஆம் போட்டால் கடைசியில் வருகிற செயல்திட்டம் வெறுமையாக இருக்கும். அப்படியொரு தாளைப் பார்த்தாலே தொழில் பரிசோதகருக்கு விஷயம் விளங்கிவிடும். சனிக்கிழமை இரவுக் கூட்டத்திலும் அது உண்மையா என்று கேட்டுவிட்டுத்தான் ஆம் போடவேண்டும்.

இல்லை போட்டதற்கெல்லாம் செயல்திட்டத்தில் என்ன செய்வது, யார் பொறுப்பு, எவ்வளவு செலவு, எந்தத் திகதிக்குள் என்று கேட்கிறது. கருவியின் சிறந்த பகுதி இதுதான். ஆயத்தமாகச் சில தீர்வுகளையும் காட்டும். பாத்திரம் கழுவும் இடத்தில் தண்ணி தேங்கினால் "கவனமாக நடக்கவும்" என்று எழுதுவது தீர்வல்ல. வடிகால் அடைப்பை யார் எப்போது எடுப்பது, வழுக்காத சப்பாத்து யாருக்கு எத்தனை சோடி என்று எழுதினால்தான் கணக்கில் வரும்.

குறை என்னவென்றால், இது பிரெஞ்சுக் குசினியை மனதில் வைத்துச் செய்தது. எங்கள் தமிழ்க் கடைகளில் நடப்பதைச் சொந்த ஆபத்தாகச் சேர்க்கும் இடத்தில் நீங்களேதான் எழுதவேண்டும். முதலாவது கொத்துரொட்டி: தட்டுகிற சத்தம், மணிக்கட்டு நோ இரண்டையும் சேருங்கள். எட்டு மணிநேரச் சராசரி 80 டெசிபெல்லைத் தாண்டினால் காதுப் பாதுகாப்பு கொடுத்துவைக்கவேண்டும், 85க்கு வந்தால் அதைப் போடுவது கட்டாயம். அளந்து தரச் சொல்லி நீங்கள் ஏற்கெனவே சந்தா கட்டுகிற வேலைமருத்துவச் சேவையைக் கேட்கலாம். அடுத்தது கரித் தந்தூரி. தணல் கிடக்கும்வரை கார்பன் மொனொக்சைட் வந்துகொண்டே இருக்கும், ஆனால் கடை பூட்டும்போது முதலில் நிற்பாட்டுவது புகை உறிஞ்சியைத்தான். உறிஞ்சியின் வடிகளைக் கிழமைக்கு ஒருமுறையாவது, குழாயையும் விசிறியையும் வருடத்துக்கு ஒருமுறையாவது துப்புரவாக்கவேண்டும் என்பதும் சட்டம். துப்புரவாக்கியதற்கான பற்றுச்சீட்டை டியூவெர்ப்போடு சேர்த்து வைத்தால் தேடி அலையத் தேவையில்லை. காவ் என்கிற நிலக்கீழ் அறையின் ஒடுங்கிய படியால் 20 கிலோ அரிசி மூட்டை ஏறுவதையும் விடவேண்டாம்.

5க்கு 4 கொடுக்கலாம். குறைகிற ஒன்று மொழிக்காக. முழுக்கப் பிரெஞ்சு, அதுவும் அலுவலகப் பிரெஞ்சு. கணக்காளர் தன் மேசையில் இருந்து நிரப்பினால் பொய்யாகத்தான் வரும். மடிக்கணினியைக் குசினிக்குக் கொண்டுபோய், வாசிக்கத் தெரிந்த ஒருவர் சொல்லச் சொல்ல, சமைக்கிற அண்ணையும் பாத்திரம் கழுவுகிற தம்பியும் பதில் சொல்லவேண்டும்.

முடிந்ததும் அறிக்கையை இறக்கித் திகதி போட்டுச் சேமியுங்கள். குசினி, பரிமாறல், காவ், டெலிவரி என்று வேலைப் பிரிவுகள் அதில் தெளிவாகத் தெரியவேண்டும், சட்டம் அப்படித்தான் கேட்கிறது. 2021 ஓகஸ்ட் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு பதிப்பையும் 40 வருடம் வைத்திருக்கவேண்டும், ஆகவே இணையக் கணக்கை மட்டும் நம்பவேண்டாம். பத்திரத்தை எங்கே பார்க்கலாம் என்ற அறிவித்தலை வேலையாட்கள் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டவேண்டும். 11 பேருக்குக் குறைவென்றால் வருடாவருடம் புதுப்பிக்கும் கட்டாயம் இல்லை. புது அடுப்பு, இடமாற்றம் மாதிரிப் பெரிய மாற்றம் வந்தாலோ, தெரியாமல் இருந்த ஆபத்து ஒன்று தெரியவந்தாலோ போதும். 11 பேரோ அதற்கு மேலோ என்றால் வருடம் ஒருமுறை.

இரண்டு கடை இருந்தால் இரண்டு கோப்பு திறவுங்கள். முதலாவதைப் பிரதி எடுத்துத் திருத்தலாம், ஆனால் தரை, படி, காஸ் குழாயின் காலாவதித் திகதி மூன்றையும் அந்தந்தக் கடையில் நின்றே பாருங்கள்.